விரிதாளில் நாள்: எண்ணா, எழுத்தா?

முன்னுரை

காலத்தைக் கணித்துக் குறித்துவைப்பது மனித நாகரிகத்தின் தொன்மையான பணிகளுள் ஒன்று. நம் அகப்பொருள் மரபு ஆண்டைப் பெரும்பொழுதுகளாகவும் நாளைச் சிறுபொழுதுகளாகவும் பகுத்தது. கல்வெட்டுகளைப் பொறித்தோர் மன்னனின் ஆட்சியாண்டைக் குறித்தனர். பஞ்சாங்க மரபு பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர்களை ஆண்டுகளுக்குச் சூட்டியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்த கி.பி. 622ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டது ஹிஜ்ரி. கிறித்து ஆண்டுடன் 31 கூட்டித் திருவள்ளுவர் ஆண்டு கணக்கிடப்படுகிறது.

இம்முறைகள் அனைத்திற்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினோம், எந்த வரிசையில் எழுதினோம் என்னும் இரண்டும் தெரிந்தால்தான் குறிக்கப்பெற்ற நாள் பொருள் தரும். ‘யாண்டு பன்னிரண்டாவது’ என்னும் கல்வெட்டுத் தொடரைக் கொண்டு காலத்தைக் கணிக்க, மன்னன் யார் என்று தெரிந்தாக வேண்டும். ‘பிரபவ ஆண்டு’ என்று மட்டும் குறிக்கப்பெற்ற ஏட்டைக் காண்பவர், அது 1927ஆம் ஆண்டில் தொடங்கியதா, 1987ஆம் ஆண்டில் தொடங்கியதா என்று ஐயுறுவார். 

இன்று கல்லூரி அலுவலகத்திலும் துறைகளிலும் நாள்களைக் குறிக்கும் ஏடு கணிப்பொறியின் விரிதாள் ஆகும். மாணவர் பிறந்த நாள், சேர்க்கை நாள், உதவித்தொகை விண்ணப்ப நாள், ஆசிரியர் பணி ஏற்ற நாள் என அனைத்தும் எக்செல் முதலிய விரிதாள்களின் கட்டங்களுள் அடைகின்றன. அக்கட்டங்களில் நாள்கள் உருமாறியும் இடம்மாறியும் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். ‘கணிப்பொறி தவறிழைத்துவிட்டது’ என்று கூறி அமைவது எளிது. ஆயின், அம்மாற்றங்களுக்குக் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் தீர்வும் உண்டு. அவற்றைக் கணிப்பொறித்துறை சாராதோரும் விளங்கிக்கொள்ளும் வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டத்துள் இருப்பது யாது?

விரிதாளின் கட்டம் ஒன்றில் நாம் ஒரு நாளைத் தட்டச்சு செய்கிறோம். திரையில் நாள் தெரிகிறது. ஆனால் கட்டத்துள் சேமிக்கப்படுவது ஓர் எண் மட்டுமே. எக்செல் விரிதாளில் 1900ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் 1 என்னும் எண்ணைப் பெறுகிறது. அதன்பின் வரும் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று கூடும். 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளின் எண் 36526. நேரம் அந்த எண்ணின் பின்னமாகும்; நண்பகல் என்பது 0.5.

கவிக்கோ அப்துல் ரகுமானை எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். ‘ஆலாபனை’ நூலுக்காக 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவர் பிறந்தது 1937 நவம்பர் 9. மறைந்தது 2017 ஜூன் 2. எக்செல் கணக்கில் முன்னதன் எண் 13828. பின்னதன் எண் 42888. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 29060 என வரும். அவர் இவ்வுலகில் வாழ்ந்த நாள்களின் தொகை அது. நாளை எண்ணாகச் சேமிப்பதன் பயன் இதுவே. வயதைக் கணக்கிடவும், முன்பின் வரிசைப்படுத்தவும், இடைப்பட்ட காலத்தை அளக்கவும் எண்ணால் மட்டுமே இயலும்.

13828 என்னும் எண் திரையில் 09-11-1937 என்றோ 9 நவம்பர் 1937 என்றோ தோன்றுவது அதற்கு நாம் அணிவிக்கும் ஆடையைப் பொறுத்தது. ஆடையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை. அவ்வாறே கட்டத்தின் வடிவமைப்பை மாற்றுவதால் உள்ளிருக்கும் எண் மாறுவதில்லை. நாள் பற்றிய சிக்கல்களுள் பெரும்பாலானவை ஆளையும் ஆடையையும் ஒன்றெனக் கருதுவதால் எழுகின்றன. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால் பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

எண்ணையும் எழுத்தையும் பிரித்தறிதல்

நாம் தட்டச்சு செய்ததை நாள் என்று விரிதாள் உணர்ந்தால் அதை எண்ணாக்கிச் சேமிக்கும்; உணராவிடில், பெயரையோ ஊரையோ போல வெறும் எழுத்தாகச் சேமிக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆதலின், எவ்வகைத் திருத்தத்திற்கும் முன்னர்க் கட்டத்துள் இருப்பது எண்ணா, எழுத்தா என்று தெளிதல் வேண்டும். நோய் இன்னதென்று தெளியாமல் மருந்து கொடுப்பார் இல்லை.

இதனை அறிய மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கட்டத்தின் இடவல ஒழுங்கை நோக்குதல். நாமாக எதையும் மாற்றாதபோது எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இரண்டாவது, கட்டத்தின் வடிவமைப்பை ‘ஜெனரல்’ என்று மாற்றிப் பார்த்தல். உண்மையான நாள் எனில் 13828 போன்ற எண் வெளிப்படும். எழுத்து எனில் எம்மாற்றமும் நிகழாது. மூன்றாவது, ‘ஈஸ்நம்பர்’ என்னும் சார்பைப் பக்கத்துக் கட்டத்தில் இட்டு வினவுதல். எண்ணாயின் ‘ட்ரூ’ என்றும், எழுத்தாயின் ‘ஃபால்ஸ்’ என்றும் அது விடை தரும். நூற்றுக்கணக்கான பெயர்கள் கொண்ட பட்டியலுக்கு மூன்றாவது வழியே ஏற்றது.

கட்டம் முழுதும் ‘#####’ என்னும் குறிகள் நிறைந்திருப்பதைக் கண்டு அஞ்சுவோர் உளர். பெரும்பாலும் நெடுவரிசையின் அகலம் போதவில்லை என்பதே அதன் பொருள். நெடுவரிசையின் வலப்புற எல்லைக் கோட்டின்மீது இருமுறை சொடுக்கினால் அது விரிந்து நாள் தெரியும். விரிந்த பின்னும் குறிகள் நீங்காவிடில், கழித்தல் கணக்கில் முன்நாளிலிருந்து பின்நாளைக் கழித்து எதிர்மறை எண் வந்திருக்கக்கூடும். அந்த வாய்பாட்டைச் சரிபார்க்க வேண்டும்.

நாளும் மாதமும் இடம் மாறுதல்

சிக்கல்களுள் மிகவும் கொடியது இதுவே. நாம் நாள், மாதம், ஆண்டு என்னும் வரிசையில் எழுதுகிறோம். அமெரிக்கர் மாதம், நாள், ஆண்டு என்று எழுதுவர். கணிப்பொறி எந்நாட்டு வழக்கைப் பின்பற்றவேண்டும் என்பது அதன் ‘ரீஜியன்’ என்னும் வட்டார அமைப்பில் குறிக்கப்பட்டிருக்கும். வாங்கிய நாளிலிருந்தே அமெரிக்க அமைப்பில் இயங்கும் கணிப்பொறிகள் நம்மிடையே பல உள்ளன.

அத்தகைய கணிப்பொறியில் கவிக்கோவின் பிறந்த நாளை 09/11/1937 என்று தட்டச்சு செய்தால் அது 1937 செப்டம்பர் 11 ஆகிவிடும். மறைந்த நாளை 02/06/2017 என்று இட்டால் அது 2017 பிப்ரவரி 6 ஆகிவிடும். திரையில் நாம் இட்ட எண்களே அதே வரிசையில் தெரிவதால் ஐயம் எழாது. உள்ளே சென்று சேர்ந்த எண்ணோ 13828 அன்று, 13769. பிறப்பில் 59 நாள், இறப்பில் 116 நாள் பிழை.

டாக்டர் அப்துல் கலாம் பிறந்த நாளாகிய 15/10/1931 என்பதை அதே கணிப்பொறியில் இட்டால் வேறொன்று நிகழும். பதினைந்தாம் மாதம் என ஒன்று இல்லாமையால், விரிதாள் அதனை நாள் என்று ஏற்காது எழுத்தாக இடப்பக்கம் ஒதுக்கிவிடும். இப்பிழை கண்ணுக்குத் தெரியும். ஆதலின் இதனால் பெருங்கேடு இல்லை. தெரியாத பிழையே கேடு விளைப்பது.

இதன் அளவை எளிய கணக்கால் உணரலாம். ஆண்டின் 365 நாள்களுள், மாதத்தின் முதல் 12 நாள்களுக்குள் அடங்குவன 144. அவற்றுள் 1/1, 2/2 என நாளும் மாதமும் ஒத்திருப்பன 12, இவற்றிற்கு மாற்றமில்லை. எஞ்சிய 132 நாள்களும் ஓசையின்றி இடம் மாறிவிடும். மற்ற 221 நாள்கள் எழுத்தாக நிற்கும். ஆகவே, ஆண்டின் நாள்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை, பிழையெனத் தோன்றாமலே பிழையாகக் கூடியவை.

இதனால் விளைவது யாது? 2005 ஆகஸ்டு 3ஆம் நாள் பிறந்த மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். சான்றிதழில் 03/08/2005 என்றிருப்பது பட்டியலில் 2005 மார்ச் 8 ஆகிவிடுகிறது. ‘2026 ஜூலை முதல் நாளன்று 21 வயது நிறையாதவர்க்கு மட்டும்’ என்று ஓர் உதவித்தொகைக்கு வரம்பு இருப்பதாகக் கொள்வோம். உண்மையில் அன்று அவளுக்கு வயது 20, பட்டியலின்படி 21. தகுதியுடையவளின் பெயர் தானாகவே நீக்கப்பட்டுவிடும். ஏன் நீங்கியது என்று அவளும் அறியாள், நீக்கியவரும் அறியார். சான்றிதழும் விண்ணப்பமும் முரண்படுவதால் பின்னாளில் அலையவேண்டியவளும் அவளே.

திருத்தும் முறைகள்

முதற்கண் வட்டார அமைப்பைச் செம்மை செய்தல் வேண்டும். விண்டோஸ் கணிப்பொறியில் ‘கண்ட்ரோல் பேனல்’ பகுதியில் ‘ரீஜியன்’ என்பதைத் திறந்து, ‘இங்கிலீஷ் (இந்தியா)’ என்று தேர்ந்தால் நாள், மாதம், ஆண்டு என்னும் நம் வரிசை நிலைபெறும். கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துவோர் ‘ஃபைல்’ பட்டியலின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘லொகேல்’ என்பதை இந்தியா என்று அமைக்கலாம். இது இனி உள்ளிடும் நாள்களுக்கே பயன் தரும். முன்பே தவறாகச் சென்று சேர்ந்தவற்றைத் திருத்தாது.

அடுத்து, எழுத்தாக நிற்பவற்றை எண்ணாக்கும் முறை. நெடுவரிசை முழுதும் எழுத்தாகவே இருப்பின் ‘டேட்டா’ பட்டியலிலுள்ள ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ என்னும் கருவி சிறந்தது. நெடுவரிசையைத் தேர்ந்து அக்கருவியைத் திறந்தால் மூன்று படிகள் தோன்றும். முதலிரு படிகளையும் ‘நெக்ஸ்ட்’ என்று கடக்கலாம். மூன்றாம் படியில் ‘டேட்’ என்பதைத் தேர்ந்து, அதனருகே ‘டி-எம்-ஒய்’ என்னும் வரிசையைக் குறிக்க வேண்டும். இங்கு நாம் கணிப்பொறிக்கு உணர்த்துவது, எழுத்தாக உள்ள நாளின் பழைய வரிசை யாது என்பதை. எவ்வாறு தோன்றவேண்டும் என்று அது கேட்பதாகக் கருதிப் பலர் இவ்விடத்தில் தவறுவர். ‘ஃபினிஷ்’ என்றதும் நாள்கள் வலப்பக்கம் நகர்ந்து நிற்பதைக் காணலாம்.

நம் அலுவலகங்களில் 15.10.1931 என்று புள்ளியிட்டு எழுதும் வழக்கம் மிகுதி. பல கணிப்பொறிகள் புள்ளியிட்ட நாளை எழுத்தாகவே கொள்ளும். அவற்றிற்கும் மேற்கூறிய கருவியே போதும். அதன்பின்னும் சில கட்டங்கள் மாறாது நிற்குமாயின், நாளுக்கு முன்னோ பின்னோ கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்கலாம். ‘ட்ரிம்’ என்னும் சார்பு இயல்பான இடைவெளியை நீக்கும். இணையப் பக்கங்களிலிருந்து படியெடுத்தவற்றில் 160 என்னும் குறியெண் கொண்ட வேறொரு வகை இடைவெளி இருக்கும். அதனை ‘சப்ஸ்டிடியூட்’ என்னும் சார்பால் நீக்க வேண்டும்.

ஒரே நெடுவரிசையில் சில நாள்கள் எண்ணாகவும் சில எழுத்தாகவும் கலந்து நிற்குமாயின் மிகுந்த விழிப்பு தேவை. வலப்பக்கம் நிற்பவை சரியானவை, இடப்பக்கம் நிற்பவை மட்டும் பிழையானவை என்று கருதத் தோன்றும். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. இடப்பக்கம் ஒதுங்கியவை மாறாமல் தப்பியவை. வலப்பக்கம் நிற்பவை நாளும் மாதமும் இடம் மாறியவை. இதனை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. எண்ணாக உள்ளவற்றின் நாட்பகுதியை மட்டும் ‘டே’ என்னும் சார்பால் பிரித்தெடுத்து நோக்க வேண்டும். நீண்ட பட்டியலில் ஒன்றுகூட 12ஐத் தாண்டவில்லை எனில், அவை மாதங்களே நாள்களாக மாறி வந்தவை என்று துணியலாம். நூறு மாணவரும் மாதத்தின் முதற் பன்னிரண்டு நாள்களுக்குள் பிறந்திருத்தல் நம்பத்தக்கதன்று.

இவ்வாறு மாறியவற்றைக் கட்டத்தின் வடிவமைப்பை மாற்றித் திருத்த இயலாது. ஆடை மாறினும் ஆள் தவறானவர் ஆயிற்றே! மூலக்கோப்பு கைவசம் இருப்பின், வட்டார அமைப்பைத் திருத்தியபின் அதனை மீண்டும் புதிதாகக் கொணர்வதே நேரிய வழி. சி.எஸ்.வி. வகைக் கோப்பை இருமுறை சொடுக்கித் திறத்தலைத் தவிர்க்க வேண்டும். திறந்த நொடியிலேயே விரிதாள் தன் விருப்பப்படி நாள்களை மாற்றிவிடும். ‘டேட்டா’ பட்டியலின் வழியாக அக்கோப்பைக் கொணர்ந்து, நாள் நெடுவரிசையின் வகையை நாமே குறிப்பிட வேண்டும்.

மூலக்கோப்பு இல்லாவிடில் வாய்பாட்டின் துணையை நாடலாம். நாள்கள் ஏ2 முதலாக உள்ளன என்றும், எழுத்தாக நிற்பவை 15/10/1931 என்னும் அமைப்பில் உள்ளன என்றும் கொண்டால், பக்கத்து நெடுவரிசையில் இடவேண்டிய வாய்பாடு இது:

=இஃப்(ஈஸ்நம்பர்(ஏ2), டேட்(இயர்(ஏ2), டே(ஏ2), மந்த்(ஏ2)), டேட்(ரைட்(ஏ2,4), மிட்(ஏ2,4,2), லெஃப்ட்(ஏ2,2)))

ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யவேண்டிய இதன் பொருள் எளிது. கட்டத்தில் எண் இருந்தால் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி அமை. எழுத்து இருந்தால் வலப்பக்கத்து நான்கு இலக்கங்களை ஆண்டாகவும், நடு இரண்டை மாதமாகவும், இடப்பக்கத்து இரண்டை நாளாகவும் கொள் என்பதே அது. எல்லா நாள்களும் ஒரே தவறான அமைப்பின் வழியே வந்திருந்தால் மட்டுமே இதனைப் பயன்படுத்தலாம். இடையில் எவரேனும் சிலவற்றைக் கையால் திருத்தியிருந்தால், திருந்தியவை மீண்டும் கெடும். ஆகவே, பழைய நெடுவரிசையை உடனே அழிக்காமல், சான்றிதழ்களுடன் ஒப்பிட்டு முடிக்கும் வரை காத்து வைத்தல் நலம்.

ஈரிலக்க ஆண்டு

ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதுவது அறுபதாண்டுச் சுழற்சியைப் போன்ற மயக்கத்தைத் தரும். எக்செல் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவந்த வழக்கப்படி 00 முதல் 29 வரை உள்ளவை 2000 முதல் 2029 வரையிலான ஆண்டுகளாகவும், 30 முதல் 99 வரை உள்ளவை 1930 முதல் 1999 வரையிலான ஆண்டுகளாகவும் கொள்ளப்படும். அதன்படி கலாம் பிறந்த ஆண்டை 31 என எழுதினால் 1931 என்று சரியாக அமையும். அவரைவிட இரண்டாண்டு மூத்தவர் ஒருவரின் பிறந்த ஆண்டை 29 என எழுதினாலோ அவர் இனிப் பிறக்கவேண்டியவர் ஆகிவிடுவார். இவ்வெல்லை கணிப்பொறிக்குக் கணிப்பொறி மாறவும் கூடும். முன்னாள் மாணவர் பட்டியல், வக்ஃபு ஆவணப் பட்டியல் போன்றவற்றைத் தொகுப்போர் ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுதுவதை விதியாகவே கொள்ளவேண்டும்.

1900க்கு முற்பட்ட நாள்கள்

இலக்கிய ஆய்வாளர்க்கு உரிய தனிச்சிக்கல் ஒன்று உண்டு. எக்செல் கணக்கு 1900இல் தொடங்குவதால் அதற்கு முற்பட்ட நாள்களை அது நாளாக ஏற்பதில்லை. உ.வே. சாமிநாதையர் பிறந்த 1855 பிப்ரவரி 19, பாரதியார் பிறந்த 1882 டிசம்பர் 11, காயிதே மில்லத் பிறந்த 1896 ஜூன் 5 ஆகிய மூன்றும் அதற்கு வெறும் எழுத்துகளே. ஏறுவரிசையில் அடுக்குங்கால் எண்களை முன்னும் எழுத்துகளைப் பின்னும் வைப்பது எக்செல்லின் இயல்பு. ஆதலின், 1882இல் பிறந்த பாரதியார் 1937இல் பிறந்த கவிக்கோவுக்குப் பின்னே சென்று நிற்பார். ‘டேட்’ சார்பில் 1882 என்று ஆண்டைக் கொடுத்தால் அதனுடன் 1900ஐக் கூட்டி 3782ஆம் ஆண்டு என்று விடை தரும்!

இதற்குத் தீர்வுகள் இரண்டு. ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை மூன்று நெடுவரிசைகளில் தனித்தனி எண்களாக இட்டு, ஆண்டு, மாதம், நாள் என்னும் முறைவைப்பில் வரிசைப்படுத்தலாம். அல்லது, கட்டங்களை முன்கூட்டியே ‘டெக்ஸ்ட்’ வகையாக்கி, எல்லா நாள்களையும் 1882-12-11 என ஆண்டை முதலில் வைத்து எழுதலாம். இவ்வாறு எழுதினால் எழுத்தாக இருப்பினும் கால வரிசை பிறழாது. 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் பன்னாட்டுத் தரம் வகுத்த வரிசையும் இதுவே. லிப்ரே ஆபீஸ் கால்க் என்னும் கட்டணமற்ற விரிதாள் 1900க்கு முற்பட்டவற்றையும் நாளாகவே ஏற்கும் என்பது ஆய்வாளர் அறியத்தக்கது.

தொடக்கநாள் பற்றி மற்றுமொரு செய்தி. 1900ஆம் ஆண்டு மிகுநாள் ஆண்டன்று. நூற்றால் வகுபடும் ஆண்டு நானூற்றாலும் வகுபட்டால்தான் பிப்ரவரிக்கு 29ஆம் நாள் உண்டு. ஆயினும் எக்செல் கணக்கில் 60 என்னும் எண் 1900 பிப்ரவரி 29ஐக் குறிக்கும். 1983இல் வெளியான லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாளில் இருந்த பிழை, இரண்டும் ஒத்திசையவேண்டி எக்செல்லிலும் ஏற்கப்பட்டது. பழைய மெக்கின்டாஷ் கணிப்பொறிகளின் எக்செல்லோ 1904 ஜனவரி முதல் நாளைத் தொடக்கமாகக் கொண்டது. இருவகைக் கோப்புகளுக்கும் இடையே நாள்களைப் படியெடுத்தால் 1462 நாள், அதாவது நான்காண்டும் ஒரு நாளும் வேறுபடும். ஒரு பட்டியலின் நாள்கள் அனைத்தும் இதே அளவு பிறழ்ந்திருக்கக் கண்டால், காரணம் இதுவென அறிந்து 1462ஐக் கூட்டியோ கழித்தோ சரிசெய்யலாம்.

நாள் அல்லாதவை நாளாதல்

நாள் எழுத்தாவது ஒருபுறம் இருக்க, நாளல்லாதவை நாளாக மாறுவதும் உண்டு. திருக்குறளின் பத்தாம் அதிகாரத்து நான்காம் குறளைக் குறிக்க 10-4 என்று தட்டச்சு செய்தால் அது ஏப்ரல் 10 ஆகிவிடும். அமெரிக்க அமைப்பில் அக்டோபர் 4 ஆகும். திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து முப்பதாம் வசனத்தை 2:30 என்று குறித்தால் அது இரண்டரை மணி ஆகிவிடும். அடிக்குறிப்பு எண், வீட்டு எண் ஆகியவையும் இவ்வாறு உருமாறும்.

அறிவியலாரும் இதனால் அல்லலுற்றனர். மார்ச், செப்டம்பர் ஆகிய மாதங்களின் பெயரை ஒத்த குறியீடுகளைக் கொண்ட மரபணுக்கள் விரிதாளில் நாள்களாக மாறின. மனித மரபணுக்களுக்குப் பெயர் வழங்கும் பன்னாட்டுக் குழு அக்குறியீடுகளையே மாற்றி அமைத்ததை 2020இல் அறிவித்தது. 2023இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இவ்வகை எழுத்தும் எண்ணும் இணைந்த குறியீடுகள் நாளாக மாறாதிருக்கும் வசதியை எக்செல்லில் சேர்த்தது. ஆயினும் 10-4 போன்றவற்றிற்கு அது காப்பாகாது. தட்டச்சு செய்யுமுன் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று அமைத்தல் வேண்டும். அல்லது முதலில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை இடுதல் வேண்டும். மாறியபின் ‘டெக்ஸ்ட்’ என்று அமைத்தால் ஐந்திலக்க எண்தான் வெளிப்படும்; குறள் எண் திரும்பி வாராது.

ஹிஜ்ரி நாளும் விரிதாளும்

எக்செல்லின் ‘ஃபார்மட் செல்ஸ்’ பகுதியில் அரபு வட்டாரத்தைத் தேர்ந்தால் ஹிஜ்ரி நாள்காட்டியில் நாளைக் காட்டும் வசதி உண்டு. இதுவும் ஆடை மாற்றமே. உள்ளிருக்கும் எண் மாறுவதில்லை. ஆனால் அது கணக்கீட்டு வாய்பாட்டைப் பின்பற்றுவது. பிறை கண்டு அறிவிப்பது அன்று. தமிழகத்தில் தலைமை காஜி அறிவிக்கும் நாளுக்கும் அதற்கும் ஒரு நாள் அளவில் வேறுபாடு நேரலாம். மேலும், இசுலாமிய மரபில் நாள் கதிரவன் மறைவில் தொடங்குகிறது. விரிதாளில் நள்ளிரவில் தொடங்குகிறது. எனவே, ரமலான் முதற்பிறைக்கும் பெருநாளுக்கும் விரிதாளைச் சான்றாகக் கொள்ளலாகாது. உத்தேசக் குறிப்புக்கு அது போதும்.

தோற்றத்தை அமைத்தல்

எண் சரியானது என்று உறுதியான பின்னரே ஆடையைப் பற்றி எண்ணுதல் முறை. ‘கண்ட்ரோல்’ விசையுடன் 1ஐ அழுத்தினால் வடிவமைப்புப் பெட்டி திறக்கும். அதில் ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்து நாளுக்கு இரண்டு ‘டி’, மாதத்திற்கு இரண்டு ‘எம்’, ஆண்டுக்கு நான்கு ‘ஒய்’ என இடைக்கோடிட்டு எழுதினால் 09-11-1937 என்று தோன்றும். ‘எம்’ மூன்று இட்டால் மாதத்தின் சுருக்கப் பெயரும், நான்கு இட்டால் முழுப்பெயரும் வரும். பிறர்க்கு அனுப்பும் பட்டியலில் மாதத்தைப் பெயரால் காட்டுவது சாலச் சிறந்தது. 09-11 என்பதைப் படிப்பவர் இருவகையாகக் கொள்ளக்கூடும். ‘09 நவம்பர்’ என்பதை எவரும் பிறழ உணரார்.

சான்றிதழ்களை வேர்டு மென்பொருளின் ‘மெயில் மெர்ஜ்’ முறையில் அச்சிடுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. விரிதாளில் அழகுற அமைத்த நாள் வேர்டில் அமெரிக்க வரிசையில் வந்து விழக்கூடும். எண் மட்டுமே சென்று, ஆடை இங்கேயே தங்கிவிடுவதே காரணம். ‘டெக்ஸ்ட்’ என்னும் சார்பைக் கொண்டு நாளை நாம் விரும்பும் அமைப்பில் எழுத்தாக்கித் தனி நெடுவரிசையில் வைத்து, அதனையே சான்றிதழுக்குப் பயன்படுத்தினால் இவ்விடர் நீங்கும். கணக்கிடுவதற்கு எண்ணாகிய நாளும், அச்சிடுவதற்கு எழுத்தாகிய நாளும் என இரண்டும் அருகருகே இருத்தல் தகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் நான்கு நெறிகள் புலனாகும். தட்டச்சு செய்யுமுன் வட்டார அமைப்பைப் பார்த்தல். ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுதுதல். கட்டத்துள் இருப்பது எண்ணா, எழுத்தா என்று தெளிந்தபின் திருத்துதல். திருத்தியதை மூல ஆவணத்துடன் ஒப்பிட்டு முடித்தல் என்பன அவை. நான்கனுள் இறுதியதே தலையாயது. மற்ற மூன்றையும் கணிப்பொறியின் துணையால் செய்யலாம். சான்றிதழைக் கையிலேந்தி வரிவரியாக ஒப்பிடும் பணியை மனிதரே செய்தாக வேண்டும்.

கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதிவைக்கப் பணிக்கும் வசனம் (2:282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகும். காலத்தைப் பிழையின்றி எழுதிவைத்தல் அத்துணைப் பொறுப்புடைய செயல். பிறரின் பிறந்த நாளை நம் கையால் பதிவு செய்யும்போது அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் ஆகிறது. பட்டியலில் அது ஒரு கட்டம். உரியவர்க்கோ கல்வியும் வேலையும் ஓய்வூதியமும் அந்த ஒரு கட்டத்தைச் சார்ந்தவை. அதனைப் பெற்றவாறே திருப்பித் தருதல் நம் கடனாகும்.